கடைசி வரிசைக்கும் கேட்கும் ஓசை

நுழையும்முன்

இசைக்குழு ஒன்றில் பாடகரின் குரலை அனைவரும் அறிவர். முழவின் ஒலியும் எளிதில் செவியில் படும். ஆனால் இவை அனைத்திற்கும் அடித்தளமாக நின்று பாடலைத் தாங்கும் தாழ்ந்த ஒலியைக் கவனிப்போர் சிலரே. அவ்வொலியை எழுப்புவது பேஸ் கிட்டார். அதன் ஒலியைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயர் எனப்படும் பெருக்கி. அதனை அவையோரிடம் கொண்டுசேர்ப்பது ஸ்பீக்கர் பெட்டி. இம்மூன்றையும் தேர்ந்தெடுக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏழு தந்தி வயலின்

மைசூரு மாவட்டத்தில் காவிரியும் கபினியும் கூடும் இடத்தில் திருமகூடலு என்னும் ஊர் உள்ளது. அங்கு 1895ஆம் ஆண்டு பிறந்தவர் டி. சௌடையா. அவர் மைசூருவில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுல முறையில் இசை பயின்று, சிறந்த வயலின் கலைஞராக விளங்கினார். காவிரி மைசூருச் சீமையைக் கடந்து தமிழகத்தை வளப்படுத்துவதுபோல, அவருடைய இசையும் தமிழக மேடைகளைச் சென்றடைந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர், ஜி. என். பாலசுப்பிரமணியம் முதலிய பெரும் பாடகர்களுக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்தார். 1957ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வழங்கப்பட்டது.

சௌடையாவின் இளமைக் காலத்தில் கச்சேரி மேடைகளில் ஒலிவாங்கி பழக்கத்திற்கு வரவில்லை. கோயில் மண்டபத்திலும் திருமணப் பந்தலிலும் நூற்றுக்கணக்கானோர் கூடுவர். பாடகர்கள் குரலை உயர்த்திப் பாடி எல்லோருக்கும் கேட்கச் செய்தனர். வயலினோ சிறிய மரக்கூடு உடையது. அதன் ஒலி முன்வரிசையோடு நின்றுவிடும். பின்வரிசையில் இருப்போர் வில் அசைவதை மட்டுமே காண்பர். இக்குறையைப் போக்க எண்ணிய சௌடையா, 1927ஆம் ஆண்டளவில் வயலினின் நான்கு தந்திகளோடு மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்தார். இணைத் தந்திகள் ஒரே வேளையில் அதிர்ந்தமையால் ஒலி பெருகியது. ஏழு தந்திகளுக்கும் சுருதி சேர்ப்பதும் அவற்றின்மீது வில்லை ஆள்வதும் கடினமான பணிகள். எனினும் அவர் அவற்றில் தேர்ச்சி பெற்று, அக்கருவியைத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். பெங்களூருவில் வயலின் வடிவிலேயே எழுப்பப்பட்டுள்ள சௌடையா நினைவு மண்டபம் அவர் புகழை இன்றும் பறைசாற்றுகிறது.

‘கடைசி வரிசையில் இருப்பவருக்கு இது கேட்குமா?’ என்பதே சௌடையா எதிர்கொண்ட கேள்வி. மின்சாரத்தின் துணையின்றி அவர் அதற்கு விடை கண்டார். இன்று மின்சாரம் துணை நிற்கிறது. ஆனால் கேள்வி மாறவில்லை. பேஸ் கிட்டார் போன்ற தாழ்ந்த ஒலிக் கருவிகளுக்கு அக்கேள்வி மேலும் கடினமாகிறது. அதற்கான காரணத்தை அறிந்தவரே கருவிகளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க இயலும்.

தாழ்ந்த ஒலியின் இயல்பு

தமிழிசை மரபு ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுக்கும். மெலிவு என்பது தாழ்ந்த நிலை. அறிவியல் இதனை அதிர்வெண்ணால் அளக்கிறது. ஒரு நொடியில் ஒரு தந்தி எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மேலைநாட்டு முறையில் சுருதி சேர்க்கப்பட்ட வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 196 முறை அதிரும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 முறையும், பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 முறையும் அதிரும். மனிதச் செவி உணரக்கூடிய எல்லை 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்கும் கீழே ஒலிகள் உண்டு. தசரா ஊர்வலத்தில் அசைந்து வரும் யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளாலும் தம்முள் பேசிக்கொள்ளும். அவற்றுள் பெரும்பகுதி மனிதர் செவிக்கு எட்டுவதில்லை.

அதிர்வெண் குறையுமாயின் அலைநீளம் கூடும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. இதனை 41ஆல் வகுத்தால் 8 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு கிடைக்கும். அஃதாவது, பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் ஓர் அலை ஏறக்குறைய ஒரு வகுப்பறையின் நீளம் உடையது. இவ்வளவு நீண்ட அலையைக் காற்றில் எழுப்ப, மிகுதியான காற்றை அசைத்தல் வேண்டும். மனிதச் செவியும் தாழ்ந்த ஒலிகளை எளிதில் உணர்வதில்லை. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை அது கூர்மையாகக் கேட்கும். அதே அளவு உரப்பாக 41 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்கப் பன்மடங்கு ஆற்றல் தேவைப்படும்.

ஆகவேதான் தாழ்ந்த ஒலி தரும் கருவிகள் உருவத்தில் பெரியவையாக உள்ளன. தம்புராவின் குடம் அகன்றது. தசரா நாள்களில் மைசூரு அரண்மனை முன் முழங்கும் காவல்துறை இசைக்குழுவிலும், மிகப் பெரிய பித்தளைக் குழலே மிகத் தாழ்ந்த ஒலியைத் தரும். மேலைநாட்டு வயலின் குடும்பத்தில் தாழ்ந்த ஒலிக்குரிய டபுள் பாஸ், நின்று வாசிக்கும் கலைஞரைவிடவும் உயரமானது. இருந்தும், எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் குழுவில் அதன் ஒலி அமிழ்ந்துபோயிற்று. ஊர் ஊராகச் செல்லும் கலைஞர்களுக்கு அதனைச் சுமந்து செல்வதும் பெருந்துன்பமாக இருந்தது.

பேஸ் கிட்டார்: தோற்றமும் தேர்வும்

டபுள் பாஸின் குறைகளை மின்சாரம் தீர்த்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் என்பவர் 1936 அளவில் மின்சார பேஸ் கிட்டார் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’ உலகெங்கும் பரவியது. பிரிசிஷன் என்பதற்குத் துல்லியம் என்பது பொருள். டபுள் பாஸில் மெட்டுகள் இல்லை. விரல் சற்றே விலகினாலும் சுரம் பிசகும். ஃபெண்டரின் கருவியிலோ, வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் இருந்தன. எனவே புதிதாகக் கற்பவரும் சுரத்தைத் துல்லியமாகத் தொட முடிந்தது.

இக்கருவியின் உடல் உள்ளீடற்ற குடம் அன்று, கெட்டியான மரப்பலகை. தனித்து வாசித்தால் அதன் ஒலி அடுத்த அறைக்கும் எட்டாது. தந்திகளின் கீழே பிக்கப் எனப்படும் சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். அது காந்தத்தின்மேல் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி அமைக்கப்பட்டது. எஃகுத் தந்தி அதிரும்பொழுது காந்தப்புலம் மாறுகிறது. அதனால் கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. நைலான் தந்தி காந்தப்புலத்தை மாற்றாது. ஆதலின் இத்தகைய பிக்கப் அதன் அதிர்வை உணராது.

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டாருக்குத் தனியிடம் உண்டு. இளையராஜாவின் பாடல்களில் அது தாளத்திற்குத் துணை நிற்பதோடு அமையாமல், குரலுக்கு இணையாக மற்றொரு மெட்டையே பாடிச் செல்லும். அவருடைய குழுவில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் குழுவில் கீத் பீட்டர்ஸும் இக்கருவியை வாசித்துப் புகழ்பெற்றவர்கள். நன்கு அறிந்த பாடல் ஒன்றைக் கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் ஒருமுறையும் நல்ல ஹெட்போனில் மறுமுறையும் கேட்டால், அதுவரை கேளாத ஒரு கருவி புலப்படும். சிறு ஸ்பீக்கரால் போதிய காற்றை அசைக்க இயலாமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

பேஸ் கிட்டாரைத் தேர்ந்தெடுப்போர் முதலில் அதன் அளவைப் பார்த்தல் வேண்டும். முழு அளவுடைய கருவியில் தந்தியின் அதிரும் பகுதி 34 அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 86 செ.மீ. இருக்கும். குட்டை அளவுடையதில் 30 அங்குலம், ஏறத்தாழ 76 செ.மீ. இருக்கும். சிறிய கை உடைய மாணவர்களுக்குக் குட்டை அளவே ஏற்றது. மெட்டுகள் நெருக்கமாக இருப்பதால் விரல்கள் வருந்தா. தொடக்கநிலையில் நான்கு தந்திகள் போதும். ஐந்தாம் தந்தி உடைய கருவி 31 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்து செல்லும். ஆனால் அவ்வொலியைத் தெளிவாகத் தரும் ஸ்பீக்கர் பெட்டியும் உடன் தேவைப்படும்.

அடுத்து, கருவியைக் கையில் எடுத்துச் சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மெல்ல மீட்டிப் பார்க்க வேண்டும். எங்கேனும் இரைச்சல் எழுந்தால், கழுத்துப்பலகை வளைந்திருக்கலாம் அல்லது மெட்டு உயர்ந்திருக்கலாம். மெட்டுகளின் ஓரங்கள் கையைக் கீறக்கூடாது. முறுக்காணிகள் சுருதியை நிலையாகப் பிடித்திருக்க வேண்டும். குமிழ்களைத் திருகும்பொழுது கரகர ஒலி வரலாகாது. வார்ப்பட்டையை மாட்டிக் கால்மணி நேரம் நின்று பார்த்தால், கருவியின் எடையைத் தோள் தாங்குமா என்பது விளங்கும்.

பிக்கப் அமைந்துள்ள இடமும் ஓசையை மாற்றும். கழுத்துப் பக்கம் அமைந்த பிக்கப் உருண்டு திரண்ட ஒலியைத் தரும். பாலத்தின் பக்கம் அமைந்தது கூர்மையான ஒலியைத் தரும். சில கருவிகளின் உள்ளே 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கி இருக்கும். வாசித்து முடித்தபின் கம்பியைக் கழற்றாவிட்டால், பெரும்பாலான கருவிகளில் மின்கலம் வீணே தீர்ந்துவிடும்.

மைசூருவுக்கும் இக்கருவிக்கும் மற்றுமொரு தொடர்பு உண்டு. உலகின் பல கிட்டார்களின் விரற்பலகை, மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்தால் ஆனது. மைசூருவின் புகழ்பெற்ற மரப்பதிப்பு வேலைப்பாட்டிற்கும் அம்மரமே அடிப்படை. ஈட்டி உள்ளிட்ட மர இனங்கள் அருகி வருவதால், 2017ஆம் ஆண்டு பன்னாட்டு வணிகத்தில் அவற்றிற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு செய்துமுடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு கருவியைப் பேணிக் காத்து நெடுநாள் பயன்படுத்துதல் காட்டைக் காப்பதும் ஆகும்.

பெருக்கி

பிக்கப்பில் பிறக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. பெருக்கி அதனை இரு நிலைகளில் வளர்க்கிறது. முதல்நிலை, ஒலியின் தன்மையை ஒழுங்கு செய்யும். தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் குமிழ்கள் இங்கு உள்ளன. இரண்டாம் நிலை, ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலைத் தரும். அவ்வாற்றல் வாட் என்னும் அலகால் அளக்கப்படும்.

வாட் இரு மடங்கானால் ஒலியும் இரு மடங்காகும் எனப் பலர் எண்ணுவர். அது தவறு. 100 வாட் பெருக்கிக்குப் பதிலாக 200 வாட் பெருக்கியை வைத்தால், ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவி அதனைச் சிறு வேறுபாடாகவே உணரும். ஒலி இரு மடங்காயிற்று எனச் செவி உணர, ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே விற்பனைத் தாளில் உள்ள வாட் எண்ணை மட்டும் நம்பிப் பணம் செலவிடுதல் கூடாது. ஸ்பீக்கர் பெட்டியின் உணர்திறனையும் காண வேண்டும். 1 வாட் ஆற்றலுக்கு 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி தருகிறது என்பதே உணர்திறன். 97 டெசிபல் தரும் பெட்டிக்குப் பதிலாக 100 டெசிபல் தரும் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், பெருக்கியின் ஆற்றலை இரட்டிப்பாக்கிய பயன் கிடைக்கும்.

ஸ்பீக்கர் பெட்டி

ஸ்பீக்கரைப் பெட்டியில் அடைப்பது ஏன்? ஸ்பீக்கரின் கூம்பு முன்னே நகரும்பொழுது, முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. பெட்டி இல்லையெனில், முன்னுள்ள காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னே பாய்ந்து அக்குறையை நிரப்பிவிடும். உயர்ந்த ஒலியில் கூம்பு மிக விரைவாக அசைவதால் காற்றுக்கு அவ்வாறு பாய நேரம் கிடைப்பதில்லை. தாழ்ந்த ஒலியிலோ போதிய நேரம் உண்டு. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி இவ்விரண்டையும் பிரித்துத் தாழ்ந்த ஒலியைக் காக்கிறது.

சாதாரண கிட்டாருக்குரிய ஸ்பீக்கர் பெட்டிகள் பல பின்புறம் திறந்தவை. பேஸ் கிட்டாரை அவற்றில் இணைத்தால் ஒலி மெலிவதன் காரணம் இப்பொழுது விளங்கும். மேலும், பெரிய அசைவுக்கென அமையாத கூம்பு உரத்த பேஸ் ஒலியால் கிழிந்துபோகவும் கூடும். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

பேஸ் பெட்டிகள் இருவகைப்படும். முழுதும் மூடிய பெட்டி, இறுக்கமான தெளிந்த ஒலியைத் தரும். துளை உடைய பெட்டி, உள்ளிருக்கும் காற்றையும் அதிரச் செய்து தாழ்ந்த ஒலியை வளர்க்கும். பானையின் வாயருகே ஊதினால் அது ஒலிப்பதைப் போன்றதே இத்துளையின் செயல். கூம்பின் விட்டம் பெரும்பாலும் 10, 12 அல்லது 15 அங்குலம் இருக்கும். பெரிய கூம்புதான் சிறந்தது என்பதில்லை. 10 அங்குலக் கூம்புகள் நான்கின் மொத்தப் பரப்பு, 15 அங்குலக் கூம்பு ஒன்றின் பரப்பைவிட மிகுதி; ஆகவே அவை அசைக்கும் காற்றும் மிகுதி. சௌடையா தந்திகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒலியை வளர்த்ததை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

ஓம் கணக்கு

பெருக்கியையும் பெட்டியையும் இணைக்கும்பொழுது மின்மறுப்பைக் கவனித்தல் இன்றியமையாதது. அதன் அலகு ஓம். பெட்டியின் பின்புறத்தில் 8 ஓம் அல்லது 4 ஓம் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். பெருக்கியின் பின்புறத்தில் அது தாங்கக்கூடிய மிகக் குறைந்த ஓம் அளவு குறிக்கப்பட்டிருக்கும். 8 ஓம் பெட்டிகள் இரண்டை வழக்கமான பக்க இணைப்பில் சேர்த்தால், மொத்த அளவு 16 ஆகாது. 4 ஓம் ஆகக் குறையும். மின்னோட்டத்திற்கு இரு வழிகள் கிடைப்பதே காரணம். 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம் ஆகும். 4 ஓம் வரை மட்டுமே தாங்கும் பெருக்கியில் இவ்விரண்டையும் இணைத்தால், அது அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதடையும். வால்வு வகைப் பெருக்கியைப் பெட்டி இணைக்காமல் இயக்குவதும் அதற்குக் கேடு.

கம்பிகளிலும் வேறுபாடு உண்டு. கிட்டாரையும் பெருக்கியையும் இணைக்கும் கம்பி மெல்லியது. வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை உடையது. பெருக்கியையும் பெட்டியையும் இணைக்கும் கம்பி தடித்தது. மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்குவது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும் ஒன்றிற்கு மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது.

இடத்திற்கு ஏற்ற தேர்வு

எவ்வளவு பெரிய பெருக்கி வேண்டும் என்பதை ஒலி சென்றடைய வேண்டிய இடமே முடிவு செய்கிறது.

வீட்டில் பயிற்சி செய்வோர்க்கு 15 முதல் 30 வாட் வரையிலான சிறு பெருக்கி போதும். பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தது வாங்கினால் இடம் மிச்சமாகும். ஹெட்போன் இணைப்பு இருத்தல் நலம். தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் ஊடுருவிச் செல்லும். அடுக்குமாடியில் கீழ்வீட்டில் உறங்கும் குழந்தையையும் நோயுற்ற முதியவரையும் அது முதலில் எழுப்பும்.

பள்ளி அரங்கில் முரசுகளோடு சேர்ந்து வாசிப்போர்க்கு 200 முதல் 300 வாட் வரை தேவைப்படும். பெட்டியைச் சுவரின் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி கூடும். சில வேளைகளில் தெளிவின்றி முழங்கும். அவ்வாறு முழங்கினால் ஒலியைக் கூட்டுவதற்குமுன் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்திப் பார்க்க வேண்டும். பெட்டியைச் சற்று உயர்த்தி வைத்தால் வாசிப்பவருக்குத் தம் ஒலி தெளிவாகக் கேட்கும், தேவையின்றிக் கூட்டமாட்டார். பின்வரிசையில் ஒருவரை நிறுத்திக் கேட்கச் செய்தல் நல்ல பழக்கம்.

திறந்தவெளியின் நிலை வேறு. சுவர்கள் இல்லாமையால் ஒலி திரும்பி வருவதில்லை. தொலைவு இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். மைசூருவில் மகாராஜா கல்லூரித் திடலில் பல ஆண்டுகள் நடைபெற்ற யுவ தசரா போன்ற நிகழ்ச்சிகளில், மேடையிலுள்ள ஒரு பெட்டியால் திடல் முழுவதையும் நிரப்ப இயலாது. அங்கு பேஸ் கிட்டாரின் மின்குறிப்பு, டி.ஐ. பெட்டி எனப்படும் சிறு கருவியின் வழியாக மேடை ஒலியமைப்பிற்கு அனுப்பப்படும். திடலின் இருமருங்கும் உள்ள பெரும் ஸ்பீக்கர்கள் அதனை மக்களிடம் சேர்க்கும். கலைஞரின் சொந்தப் பெட்டி, அவர் தம் வாசிப்பைத் தாமே கேட்க உதவினால் போதுமானது. ஆதலால் பெருந்திடலில் வாசிக்கும் கலைஞரும் சிறு பெட்டியோடு செல்லலாம்.

பாதுகாப்பு

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவுடையது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெருக்கி 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். பின்புறக் குறிப்பைப் படிக்காமல் இணைத்தால் அது எரிந்துபோகும். மூன்று முனை உடைய செருகியின் பெரிய முனை நில இணைப்பிற்கு உரியது. அதனை அகற்றுதல் உயிருக்கே ஆபத்து. வாசிப்பவரின் விரல்கள் எப்பொழுதும் எஃகுத் தந்திகளைத் தொட்டுக்கொண்டிருப்பதால், பழுதுபட்ட பெருக்கியின் மின்சாரம் அவர் உடலில் பாய இடம் உண்டு. ஈரமான மேடையில் வாசித்தலும் தவிர்க்கத்தக்கது.

ஸ்பீக்கரில் இடைவிடாது ‘உம்’ என்னும் முனகல் கேட்டால், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒலியில் கலந்துள்ளது எனக் கருதலாம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால் எழும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் முனகலைச் செவியாலேயே அடையாளம் காணலாம். கம்பிகளையும் நில இணைப்பையும் சரிபார்த்தல் அதற்குரிய தீர்வாகும்.

செவியின் அளவு

பழுதான ஸ்பீக்கரை மாற்றலாம். உட்செவியின் நுண்ணிய உணர்மயிர்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு அளவு வகுத்துள்ளது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆயின் 4 மணி நேரமே. 100 டெசிபல் ஆயின் ஏறத்தாழ 20 நிமிடங்களே. முரசருகில் நெடுநேரம் பயிற்சி செய்வோர் செவியடைப்பான் அணிவது நன்று. பயிற்சி முடிந்தபின் காதில் ரீங்காரம் கேட்குமாயின், ஒலி அளவு மீறியது என்று பொருள்.

பிறர் செவியையும் சட்டம் காக்கிறது. இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. இவ்விதிகளின்படி, மூடிய அரங்குகள் நீங்கலாகப் பிற இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தலாகாது. திருவிழாக் காலங்களில் ஆண்டிற்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

மைக் இல்லாத காலத்தில் ஒலியைப் பெருக்குவதே அரிய செயலாக இருந்தது. சௌடையா அதற்காக மூன்று தந்திகளைச் சேர்த்தார். இன்று ஒரு குமிழைத் திருகினால் தெருவே அதிரும். எனவே இன்றைய கலைஞருக்குக் கேள்விகள் இரண்டு. கடைசி வரிசையில் இருப்பவருக்கு இது கேட்குமா? முதல் வரிசையில் இருப்பவரின் செவியை இது வருத்துமா? இரண்டிற்கும் நல்ல விடை தரும் கருவியே சிறந்த கருவி. அவ்விடையைத் தேடி வாசிப்பவரே சிறந்த கலைஞர்.

அருஞ்சொற்பொருள்

முழவு – தோற்கருவி
மெலிவு – தாழ்ந்த ஒலிநிலை
வலிவு – உயர்ந்த ஒலிநிலை
மெட்டு – 1. சுரத்தின் இடம் காட்டும் குறுக்குக் கம்பி 2. பாடலின் இசையமைப்பு
உரப்பு – ஒலியின் வலிமை
மின்மறுப்பு – மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு
மருங்கு – பக்கம்
ரீங்காரம் – வண்டின் ஒலி போன்ற ஓசை

மதிப்பீடு

அ. குறுவினா
1. சௌடையா வயலினில் தந்திகளைக் கூட்டியதன் காரணம் யாது?
2. ஃபெண்டரின் கருவி ‘பிரிசிஷன் பேஸ்’ எனப் பெயர் பெற்றது ஏன்?
3. நைலான் தந்தியின் அதிர்வைக் காந்தப் பிக்கப் உணராமைக்குக் காரணம் என்ன?

ஆ. சிறுவினா
1. ஸ்பீக்கரைப் பெட்டியில் அடைப்பதன் தேவையை விளக்குக.
2. ‘வாட் எண்ணை மட்டும் நம்புதல் கூடாது’ – சான்று தந்து நிறுவுக.

இ. கணக்கிடுக
4 ஓம் வரை தாங்கும் பெருக்கி ஒன்றில் 8 ஓம் பெட்டிகள் இரண்டு இணைக்கப்பட்டுள்ளன. மூன்றாவதாக மற்றொரு 8 ஓம் பெட்டியைச் சேர்க்கலாமா? காரணம் கூறுக.

ஈ. மொழியை ஆள்வோம்
‘மெட்டு’ என்னும் சொல் இப்பாடத்தில் இரு பொருள்களில் வந்துள்ளது. அவ்விடங்களைக் கண்டறிந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொடர் அமைக்க.

உ. செயல்பாடு
பள்ளி அரங்கில் நண்பர் ஒருவரை மேடையில் பேசச் செய்க. முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை ஆகிய இடங்களில் நின்று கேட்டு, கண்ட வேறுபாடுகளைப் பத்து வரிகளில் எழுதுக.